ராதேயன், கார்த்திகேயன்: பெற்றவளா வளர்த்தவளா?

பண்ணைக்காட்டான்:
தைப்பூசத்துக்கு மலை இறங்கிப் பழனிக்கு நடந்தபோது வழியெல்லாம் இதே பேச்சுதான், இங்கேயும் கேட்கிறேன். நம் புராண வீரர்கள் பிறந்த கதையெல்லாம் ஒரே அச்சுதானே? கர்ணனைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்டார்கள், கண்ணனை ராத்திரியோடு யமுனை தாண்டிக் கொண்டுபோய்விட்டார்கள், முருகன் சரவணப் பொய்கையில் ஆறு குழந்தையாகக் கிடந்தான். யாரோ எடுத்து வளர்த்தார்கள். கடைசியில் இவன் இன்னார் பிள்ளை என்று வெளியே வரும். ரத்தம்தான் பெரிது என்று சொல்லத்தான் இத்தனை கதையும். கர்ணனுக்குக் கவச குண்டலம் பிறவியிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது வேறெதற்கு?

பூம்பாறைப் பொண்ணு:
ஒப்புக்கொள்ளவே மாட்டேன் அண்ணா. ரத்தம்தான் பெரிது என்றால் பெயர் ஏன் வளர்த்தவள் வழியில் வருகிறது? கர்ணனை எடுத்து வளர்த்த ராதையின் மகன் ராதேயன், கார்த்திகைப் பெண்கள் பாலூட்டியதால் கார்த்திகேயன். ஆண்டாளும் ‘யசோதை இளஞ்சிங்கம்’ என்றுதானே பாடுகிறாள்? மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் கண்ணனே கர்ணனிடம் வந்து, நீ குந்தி மகன், பாண்டவருக்கு மூத்தவன், அரசு உனக்குத்தான் வா என்கிறான். கர்ணன் என்ன சொல்கிறான்? என்னைக் கையில் வாங்கியதுமே ராதைக்குப் பால் சுரந்தது, என் மலமூத்திரம் அள்ளியவள் அவள், அவளுக்குப் பிண்டம் வைக்காமல் எப்படிப் போவேன் என்கிறான்.

என்னை வளர்த்தது பெரியம்மா. பூண்டுக் காட்டில் களையெடுக்கும்போது வரப்போரம் சாக்கை விரித்து என்னைப் படுக்கவைப்பாள், மண் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து சோறு ஊட்டுவாள். என் சான்றிதழ் எதிலும் அவள் பெயர் இல்லை. அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வரும்.

பண்ணைக்காட்டான்:
படித்ததும் கண் கலங்கிவிட்டது தங்கச்சி. ஆனாலும் கதை வேறு சொல்கிறது. வில்வித்தை காட்டும் அரங்கத்தில் ஆசான் கிருபர் குலம் கேட்டதும் கர்ணன் முகம் வெட்கத்தில் கவிழ்ந்தது. அவனை வளர்த்த தேரோட்டி அதிரதன் தடுமாறிக்கொண்டு வந்து மகனே என்றதும் பீமன், போய்ச் சாட்டையை எடு என்று ஏசினான். போர் முடிந்து குந்தி உண்மையைச் சொன்ன பிறகு அவனுக்கு நீர்க்கடன் செய்தது யார்? தர்மன். ரத்தம்தானே கடைசியில் வந்து நின்றது?

ஆயக்குடி:
இரண்டு பேரும் கர்ணனையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள், கீழே அடிவாரத்துக்கு வாருங்கள். நம் ஆவினன்குடியைப் பாடுகிற திருமுருகாற்றுப்படை ‘அறுவர் பயந்த ஆறமர் செல்வ’ என்கிறது. பயந்த என்றால் பெற்ற. வளர்த்தவர்கள் என்று தள்ளிவைக்காமல் ஆறு பேரையும் பெற்றவர்களாகவே சொல்லிவிட்டது. அப்புறம், கடைசியில் ரத்தத்திடம் திரும்புவான் என்றால் பழனிக் கதையை எங்கே வைப்பது? பெற்றவர்களிடம் பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு வந்தவன், அவர்களே வந்து சமாதானம் சொல்லியும் இறங்கவில்லை, இன்னும் மலைமேல்தான் நிற்கிறான்.

பண்ணைக்காட்டான்:
பழனியை வைத்துக்கொண்டே அதை மறந்துவிட்டேன். சரி, முருகனை விட்டுவிடுகிறேன். கர்ணனை விடமாட்டேன்.

பூம்பாறைப் பொண்ணு:
பிண்டம் பற்றி அவன் சொன்னதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை அண்ணா.