நெடுவரிசையின் பெயரை வரைகலைக் கருவியில் மாற்றும்போது தரவைக் காப்பது எப்படி?

வணக்கம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் அட்டவணைகளையும் உறவுகளையும் வரைகலைக் கருவியில் படமாக வரைந்து, அதைத் தரவுத்தளத்துடன் ஒப்பிட்டு, மாற்றங்களுக்கான எஸ்கியூஎல் (தரவுத்தள மொழி) கட்டளைகளைக் கருவியிடமிருந்தே பெறுகிறேன். புதிய நெடுவரிசையோ, தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸோ சேர்ப்பதில் சிக்கல் இல்லை. ஆனால் ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றினால், கருவி படம், தரவுத்தளம் ஆகிய இரண்டின் இப்போதைய நிலைகளை மட்டுமே ஒப்பிடுவதால், ‘ரீநேம் காலம்’ (RENAME COLUMN, நெடுவரிசைப் பெயர் மாற்றம்) என்று வர வேண்டிய இடத்தில் பழையதை ‘டிராப்’ செய்து (நீக்கி) புதியதைச் சேர்க்கும் கட்டளைகளைத் தருகிறது. அப்படியே இயக்கினால் அந்த நெடுவரிசையின் தரவு முழுவதும் போய்விடும். போஸ்ட்கிரெஸில் இவற்றை, மொத்தமாக ஏற்கவோ கைவிடவோ கூடிய கட்டளைத் தொகுப்பான டிரான்சாக்‌ஷனுக்குள் இயக்கி ரோல்பேக் செய்ய (பழைய நிலைக்குத் திருப்ப) முடியும் என்றாலும், கமிட் செய்யும் (மாற்றத்தை உறுதியாக்கும்) முன் தவறு கண்ணில் பட்டால்தான் அது உதவும்.

மாற்றக் கட்டளைகளைக் கையால் எழுதி, கோப்பு மாற்றங்களின் வரலாற்றைப் பதியும் கிட்டில் (Git) சேமிப்பதே பாதுகாப்பானது என்று கருதுகிறேன். அப்படிச் செய்பவர்கள், படமும் தரவுத்தளமும் ஒன்றுக்கொன்று விலகாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்? பெயர் மாற்றத்தைச் சரியாக அடையாளம் காணும் கருவி இருந்தால் அதன் பெயரையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.