மலையில் நடந்து வேட்டையாட ரைஃபிளின் எடை எவ்வளவு இருக்கலாம்?

கேள்வி: தெற்குத்தீவு வாசகர்

வணக்கம். நான் நியூசிலாந்தின் தெற்குத் தீவில் வசிக்கிறேன். துப்பாக்கி உரிமமும் பொதுநிலத்தில் வேட்டையாடும் அனுமதியும் என்னிடம் உள்ளன. இதுவரை பண்ணை நிலங்களில் வண்டியை நிறுத்திவிட்டுச் சிறிது தூரமே நடந்து மான் வேட்டையாடியிருக்கிறேன். வரும் குளிர்காலத்தில் இமாலய வரையாட்டைத் தேடி, கூடாரத்தையும் சுமந்துகொண்டு, மலைச்சரிவுகளில் சில நாட்கள் நடப்பதாகத் திட்டம். என்னுடைய .308 தோட்டா சுடும் ரைஃபிள் தடித்த குழலும், குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் பெரிதாகவும் கொண்டது. மொத்தமாக 5 கிலோவைத் தாண்டுகிறது. கடையில் 2.3 கிலோ எடையுள்ள மலை ரைஃபிள் ஒன்றைக் காட்டினார்கள். அவ்வளவு இலகுவானதை வாங்குவது சரியா?

மறுமொழி: மலைவழி

1904இல் அயோராக்கி மலைப் பகுதியில் விடப்பட்ட வரையாடுகளின் வழித்தோன்றல்கள் இன்று வாழும் இடங்கள் எல்லாம் செங்குத்தான பாறையும் புல்லும் கலந்த சரிவுகள். அங்கே 5 கிலோ ரைஃபிளைச் சுமப்பது வீண் உழைப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கடையில் சொல்லும் எடை வெறும் ரைஃபிளின் எடை மட்டுமே என்பதை முதலில் கவனியுங்கள். டிக்கா டி3எக்ஸ் லைட் போன்ற, 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவான ரைஃபிளை எடுத்துக்கொண்டால், நடுத்தர ஸ்கோப்புக்கு 400 கிராம், அதைப் பொருத்தும் வளையங்களுக்கு 100, குழல் முனையில் மாட்டும் ஒலி குறைப்பானான சப்ரஸருக்கு 400, தோள்வாருக்கும் நான்கு தோட்டாக்களுக்கும் 200 என்று சேர்ந்து, கையில் இருப்பது 4 கிலோவாகிவிடுகிறது. ஆகவே முழுவதும் பொருத்திய நிலையில் தராசில் வைத்துப் பார்த்த எடையைக் கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும்.

மறுபக்கம், எடை குறையக் குறையப் பின்னுதை கூடும். அதே தோட்டாவைச் சுடும்போது 4 கிலோ ரைஃபிளைவிட 3 கிலோ ரைஃபிளில் பின்னுதையின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு அதிகம். இது இயற்பியல் கணக்கு, எந்த நிறுவனத்தின் வேலைப்பாடும் இதை மாற்றாது. அந்த உதைக்கு அஞ்சி விசையை வெடுக்கென்று இழுக்கும் பழக்கம் வந்துவிட்டால், விலங்கு காயத்தோடு ஓடித் துன்பப்படும். மேலும், ஏறி முடித்து மூச்சு வாங்கும் வேளையில் இலகுவான ரைஃபிள் இதயத் துடிப்புக்கெல்லாம் ஆடும். சற்றுக் கனமானது அந்த ஆட்டத்தைத் தாங்கிக்கொள்ளும். இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தால், .308க்கு எல்லாம் சேர்ந்து 3.5 முதல் 4 கிலோ வரை இருப்பதே மலைக்கு ஏற்றது என்பது என் முடிவு.

மறுமொழி: காட்டோரம்

மேலே உள்ள கருத்தில் எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. மொத்த எடையைவிட அது எங்கே தங்குகிறது என்பதே முக்கியம். முனையில் சப்ரஸர் மாட்டிய நீண்ட குழல் ரைஃபிள் 3.6 கிலோவாக இருந்தாலும், முன்பாரம் மிகுந்து கைகளைச் சோர்வடையச் செய்யும். அடர்ந்த புதர்களில் கிளைகளில் சிக்கும். சமநிலைப் புள்ளி தோட்டாப் பெட்டிக்குச் சற்று முன்னே அமைந்தால் ஒரே கையில் நெடுநேரம் பிடிக்கலாம். ஆகையால் சப்ரஸரைக் கழற்றுவதைவிடக் குழலை 18 அங்குலமாகக் குறைத்துக்கொள்வது நல்லது. தோட்டாவின் வேகம் கொஞ்சம் குறையும் என்றாலும், 200 மீட்டருக்குள் சுடும் வேட்டையில் அது பெரிய இழப்பு அன்று. சப்ரஸர் காதைக் காப்பதோடு பின்னுதையையும் குறைப்பதால், அதன் 400 கிராமை நான் சுமையாகக் கருதுவதில்லை.

மறுமொழி: பனிச்சரிவு

நான் உடல் எடை குறைந்த பெண். அதனால் இலகுவான ரைஃபிளே வேண்டும் என்று பலரும் எனக்கு அறிவுரை சொன்னார்கள். நான் ரைஃபிளின் எடையைக் குறைப்பதற்கு முன் தோட்டாவை மாற்றினேன். 7எம்எம்-08 அல்லது 6.5 கிரீட்மூர் என்னும் தோட்டா வகைகளின் பின்னுதை .308ஐவிட மென்மையானது, வரையாட்டுக்கு இரண்டும் போதும். சரிவில் படுத்து மேல்நோக்கிச் சுடும்போது முகம் ஸ்கோப்பை நெருங்கிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். மிக இலகுவான ரைஃபிளில் அதன் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடக்கூடும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. புதிதாக வாங்காமல், இருக்கும் ரைஃபிளிலேயே எடையைக் குறைக்க வழியுண்டா?

மறுமொழி: மலைவழி

உண்டு. முதலில் ஸ்கோப்பை மாற்றுங்கள்: 50 மி.மீ. முகப்புள்ள பெரிய ஸ்கோப்புக்குப் பதிலாக 3-9x40 அளவில் (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், 40 மி.மீ. முகப்புள்ள) ஒன்றைப் பொருத்தினால் கால் கிலோ வரை குறையக்கூடும். அடுத்து, தடித்த குழலைக் குட்டையாக வெட்டித் தருமாறு உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளரிடம் கேளுங்கள். இந்த இரண்டுக்குப் பிறகும் 4.5 கிலோவுக்குக் கீழே வராவிட்டால் வேறு ரைஃபிள் பார்ப்பதே சரி. எதை எடுத்தாலும், புறப்படுவதற்கு முன் பயணத்துக்கான முழு மூட்டையோடு ஒரு மேட்டில் ஏறி, மூச்சு அடங்குவதற்குள் இலக்குப் பலகையில் சுட்டுப் பாருங்கள். சுடுதளத்து மேசையில் கிடைக்கும் துல்லியத்தை வைத்து மலைக்கான ரைஃபிளைத் தீர்மானிக்க முடியாது.