‘நெகட்டிவ்’னு அப்பாகிட்ட சொன்ன அன்னைக்கு

அம்பைக்காரி:
ரெண்டு வருசமாச்சு, இன்னும் உறுத்துது. அப்பாவுக்கு உணவுக்குழாயும் இரைப்பையும் சேருற இடத்துல புற்றுக்கட்டி, சுரப்பிச் செல்லுல வர்ற அடினோ வகை, ஈரலுக்கும் போயிருந்துச்சு. பயாப்சிக்கு எடுத்த சதையில ஹெர்-2ங்கிற ஜீனைப் பாக்கணும்னாங்க. பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டுல வச்சுக் கவரைப் பிரிச்சேன்.

“என்னட்டி போட்டிருக்கு?”

“நெகட்டிவ்ப்பா. நல்லதுதான்.”

மூணு வாரமா கஞ்சித்தண்ணிதான் எறங்கிச்சு. அன்னைக்கு ராத்திரி பால்ல ஊறவச்ச இட்லி ஒண்ணை முழுசாத் தின்னாங்க.

மறுநாள் டாக்டர் சொன்னாரு: அந்த ஜீன் பல மடங்கு பெருகியிருந்தா, செல்லு மேல அந்தப் புரதம் அப்பிக்கிட்டு வளரு வளருன்னு வெரட்டுமாம். அதை அடைக்கத்தான் டிராஸ்டுசுமாப் ஊசி. இவருக்கு அது பெருகலை, ஊசி பிரயோசனப்படாது, கீமோ மட்டுந்தான்னாரு. அப்பா என்னையத் திரும்பிப் பாத்தாங்க. ஒண்ணும் சொல்லலை.

தென்காசி மருமகன்:
அக்கா, எங்க வீட்டுல ‘ஜீன்’ங்கிற வார்த்தையே வினையாப் போச்சு. மாமாவுக்கும் உணவுக்குழாய்ப் புற்றுதான், உள்தோல் செல்லுல வர்ற ஸ்குவாமஸ் வகை. நாப்பது வருசம் வெத்தலையோட புகையிலை. “ஜீன் கோளாறு”ன்னு டாக்டர் சொன்னதை அத்தை தெருவுல சொல்லிட்டாங்க. கொழுந்தியாளுக்குப் பேசி முடிச்ச இடத்துப் பெரியவரு வந்தாரு. செருப்பைக் கழத்தாமலே, “வம்சத்துல ஓடுமாமே?”ன்னு கேட்டாரு. காப்பி டம்ளரைத் தொடலை.

டவுன் டீச்சர்:
தம்பி, அவர்கிட்ட அப்பவே மறுத்துச் சொல்லியிருக்கணும்! புகையிலையால கெடுறது அந்த இடத்துச் செல்லுதான். டிபி53ங்கிற காவல் ஜீன் பழுதாகுறதும் செல்லைப் பிரிய வைக்கிற சைக்ளின் டி1 பெருகுறதும் கட்டிக்குள்ளதான், பிள்ளைக்குப் போகாது. வம்சத்துல வாரது டைலோசிஸ்ங்கிற பரம்பரை நோய் மாதிரி ரொம்ப அபூர்வம். அதுல உள்ளங்கையும் உள்ளங்காலும் தடிச்சுக் கிடக்கும்.

எங்க அம்மாவுக்கு ஹெர்-2 பாசிட்டிவ். மூணு வாரத்துக்கொரு ஊசி, கீமோவோட. எக்கோவுல இதயம் தளர்ந்திருக்குன்னு பாதியில நிறுத்திட்டாங்க. அதனால ஊசிக்கு முன்னாடியும் நடுவுலயும் எக்கோ எடுக்கணும், விடாதீங்க. அம்பை அக்கா, நெகட்டிவ்னா அத்தோட விட்டுராதீங்க, கட்டியில பிடி-எல்1ங்கிற புரதத்தைப் பாக்கச் சொல்லுங்க, சிலருக்கு இம்யூனோதெரபி, அதாவது உடம்போட எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுற வைத்தியம், கேக்கும். எல்லாரும் கொதிக்கக் கொதிக்கக் காப்பி குடிக்கிறதையும் நிறுத்துங்க. 65 டிகிரிக்கு மேல சூடாக் குடிச்சா உணவுக்குழாய்ப் புற்று வர வாய்ப்புண்டுன்னு உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் முகமை 2016லேயே சொல்லிட்டு.

அம்பைக்காரி:
அப்பா போன ஐப்பசியில போயிட்டாங்க, டீச்சர். பிடி-எல்1 பாத்தாங்களான்னு பழைய கவரை எடுத்துத் தேடிக்கிட்டிருக்கேன்.