அமெரிக்காவுக்குச் சோம்பு மிட்டாய்: சிவப்பு நிறத்துக்கு வழி சொல்லுங்கள்

வணக்கம். ஏற்றுமதி அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

மிட்டாய்க்கு நம் ஊரில் அனுமதி உள்ள செயற்கைச் சிவப்பு நிறங்களான பான்சோ 4ஆர், கார்மோசின் இரண்டுக்கும் அமெரிக்காவில் உணவில் இடமில்லை. இன்னொரு செயற்கைச் சிவப்பான எரித்ரோசினின் அனுமதியையும் 2025 ஜனவரியில் ரத்து செய்துவிட்டார்கள். அவகாசம் 2027 ஜனவரி வரைதான், புதிதாகத் தொடங்குவது வீண். மஞ்சளுக்கு டார்ட்ராசின் போடலாம். ஆனால் வாங்கும் அந்த நிறத்தின் லாட்டுக்கே (தயாரிப்புத் தொகுதிக்கே) எஃப்டிஏ, அதாவது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் சான்று எண் வேண்டும், லேபிளில் ‘எல்லோ 5’ என்றும் இருக்க வேண்டும். இங்கே கடையில் வாங்கும் டப்பாவில் அந்த எண் இருக்காது. மாட்டினால் எஃப்டிஏ-வின் 45-02 இறக்குமதி எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் ஏறும். பிறகு வரும் சரக்கைச் சோதிக்காமலேயே நிறுத்தி வைப்பார்கள்.

அதனால் சிவப்புக்குக் கருப்பு கேரட் சாறுதான் யோசனை. கார்மைன் என்ற சிவப்பு நிறம் பூச்சியிலிருந்து எடுப்பது, சைவ மிட்டாய்க்கு ஒத்துவராது. கேரட் நிறம் பிஎச் (புளிப்பு அளவு; குறைந்தால் புளிப்பு அதிகம்) 4-க்குக் கீழே இருந்தால்தான் சிவப்பு, ஏறினால் ஊதாவாகிவிடும். சிட்ரிக் அமிலம் சேர்த்தால் சூடான பாகில் சர்க்கரை உடைந்து, பூச்சு ஈரம் இழுத்து, மிட்டாய் ஒன்றோடொன்று பிசுபிசுவென ஒட்டுகிறது.

தெரிய வேண்டியவை: அமிலத்தைக் கடைசி இரண்டு பூச்சில் மட்டும், பாகு ஆறியபின் சேர்த்தால் ஒட்டாமல் நிற்குமா? பிஎச் நிலையாக இருக்க அமிலத்தைச் சோடியம் சிட்ரேட் உப்போடு சேர்த்து யாராவது பார்த்திருக்கிறீர்களா? சான்று எண்ணுள்ள டார்ட்ராசின் அரைக் கிலோ, ஒரு கிலோ அளவில் சென்னையில் கிடைக்குமா? லாட் எண் தெரியும் டப்பா படம் இருந்தால் போடுங்கள்.