மூன்று மாதம் கொலம்பியா: மெடெயினில் தங்குவதா, பொகோட்டாவிலா?

கிழக்குக்காற்று

நண்பர்களே, மூன்று மாதம் கொலம்பியாவுக்குத் தனியாகப் போகிறேன். வேலை இணையவழிதான், அமெரிக்கக் கிழக்குக் கரை நேரத்துக்குக் கணினி முன் இருந்தால் போதும். ஊர் ஊராக அலையும் எண்ணம் இல்லை. ஒரே நகரத்தில் வீடெடுத்துத் தங்கி, வார இறுதிகளில் மட்டும் சுற்றலாம் என்றிருக்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மணமாகவில்லை. அங்கே யாரையாவது சந்தித்து மனம் ஒத்துப்போனால் பழக விருப்பம் உண்டு. ஸ்பானிஷ் ஓரளவு புரியும், பேசும்போது தடுமாறுவேன். மெடெயினா, பொகோட்டாவா? ஒன்றைத் தேர்ந்து, காரணத்தோடு சொல்லுங்கள்.

மலைச்சாரல்

மெடெயின். யோசிக்கவே வேண்டாம்.

கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம், நிலநடுக்கோட்டுக்கும் பக்கம். அதனால் வருடம் முழுக்கச் சராசரி வெப்பம் 22 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஏசியும் வேண்டாம், ஹீட்டரும் வேண்டாம். வேலை முடிந்த மாலையில் வெளியே கிளம்பத் தோன்றினால்தான் ஓர் ஊரில் நாலு பேர் பழக்கமாவார்கள். மெடெயினில் தினமும் தோன்றும். பொகோட்டாவில் பாதி நாள் மழையும் குளிரும் உங்களை வீட்டுக்குள் உட்கார வைத்துவிடும்.

அப்புறம் மெட்ரோ. 1995-இல் ஓடத் தொடங்கியது. இன்று நாட்டில் மெட்ரோ ஓடும் ஒரே நகரம் இதுதான். 2004 முதல் மலைச்சரிவுக் குடியிருப்புகளுக்குப் போகும் கேபிள் கார்களும் அதோடு இணைந்திருக்கின்றன. பொகோட்டாவில் முதல் தடமே இன்னும் கட்டுமானத்தில் இருக்கிறது. ஒருவரைச் சந்திக்க இருபது நிமிடத்தில் போய்விடலாம் என்ற ஊரில் வாரம் மூன்று முறை சந்திப்பீர்கள். ஒன்றரை மணி நேரம் பேருந்தில் நசுங்க வேண்டுமென்றால் ஒரு முறையோடு சரி.

ஊர்க்காரர்களும் தாங்களாகவே வந்து பேசுகிற சுபாவம். சல்சா நடன வகுப்பு, மொழிப் பரிமாற்றக் கூட்டம் என்று ஒவ்வொரு மாலையும் ஏதாவது நடக்கும்.

வடதிசை

வானிலை பற்றி மலைச்சாரல் சொன்னது உண்மை. ஆனால் மெடெயின் நீண்ட பள்ளத்தாக்கு, காற்று வெளியேற வழி குறைவு. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் புகை தேங்கி நகராட்சியே எச்சரிக்கை விடும் அளவுக்குப் போகும். ஆஸ்துமா உள்ளவர்கள் இதைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

என் பெரிய ஆட்சேபம் வேறு. மெடெயினின் எல் பொப்லாதோ பகுதியில் வெளிநாட்டவர் கூட்டம் பெருகி வாடகை எகிறிவிட்டது. அதில் ஒரு பகுதியினர் எதற்காக வருகிறார்கள் என்பது அந்த ஊருக்கே பெரிய வேதனை. சிறுமிகள் சுரண்டப்பட்ட விவகாரம் வெடித்த பிறகு, 2024 ஏப்ரலில் மேயர் ஃபெதெரிகோ குத்தியெரெஸ் அந்தப் பகுதியில் பாலியல் தொழிலுக்கு ஆறு மாதம் தடை போட்டார். கிழக்குக்காற்று, நீங்கள் எவ்வளவு நல்ல எண்ணத்தோடு போனாலும், தனியாக வரும் வெளிநாட்டு ஆண் என்ற சந்தேகப் பார்வையைத் தாண்டித்தான் யாரிடமும் பேச வேண்டியிருக்கும். நேர்மையாகப் பழக நினைப்பவருக்கு இது அநியாயமான சுமை.

பொகோட்டாவில் எண்பது லட்சம் பேர் இருக்கிறார்கள். பல்கலைக்கழகங்கள், நாடக அரங்குகள், அலுவலகங்கள், நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வந்து வாழ்பவர்கள். உங்களை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அதுதான் அதன் அருமை. ஞாயிறுதோறும் காலை ஏழு முதல் மதியம் இரண்டு வரை நூற்றிருபது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலைகளை வாகனங்களுக்கு அடைத்து, சைக்கிளுக்கும் நடைக்கும் விடுகிறார்கள். 1970-களில் தொடங்கிய வழக்கம். அந்தக் கூட்டத்தில் நீங்கள் ஒரு சுற்றுலாப் பயணி இல்லை, சைக்கிளில் போகும் இன்னொருவர், அவ்வளவுதான். பொகோட்டாவின் சாப்பினேரோ பகுதியில் வீடெடுங்கள். ஸ்பானிஷ் வகுப்பில் சேருங்கள். அங்கே பேசும் ஸ்பானிஷ் நிதானமாக, தெளிவாக இருக்கும், தடுமாறுபவருக்கு அதுவே பெரிய உதவி.

உப்புக்காற்று

கார்த்தகேனா? கடல் இருக்கிறதே.

மலைச்சாரல்

சில நாளுக்குச் சரி. மூன்று மாதத்துக்கு அந்த வெக்கையும் சுற்றுலாக் கூட்டமும் தாங்காது.

நெடுவழி

இரண்டு நகரங்களிலும் தனியாகத் தங்கிய பெண் என்ற முறையில் பேசுகிறேன். எங்கே எளிதாகப் பழகலாம் என்றே நீங்கள் இருவரும் வாதிடுகிறீர்கள். எது ஆபத்து என்பதை ஒருவரும் தொடவில்லையே.

2023 நவம்பர், டிசம்பர் மாதங்களில் மட்டும் மெடெயினில் எட்டு அமெரிக்கர்கள் சந்தேகத்துக்குரிய வகையில் இறந்தார்கள். அவற்றில் பல, டேட்டிங் செயலி வழியான சந்திப்புகளோடு தொடர்புடையவை என்று அமெரிக்கத் தூதரகம் 2024 ஜனவரியில் எச்சரித்தது. ஸ்கோபோலமின் என்ற மருந்தைப் பானத்தில் கலந்துவிடுகிறார்கள். மணம் கிடையாது, சுவை கிடையாது. நினைவு மங்கி, சொன்னதைச் செய்யும் நிலைக்கு ஆள் போய்விடுவார். போன் கடவுச்சொல், வங்கி எண் எல்லாவற்றையும் தானே கொடுத்துவிடுவார். அளவு மிஞ்சினால் உயிர் போகும்.

இது பொகோட்டாவிலும் நடக்கிறது, வடதிசை. அதனால் நகரத்தை மாற்றிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். கவனிக்க வேண்டியது வீட்டை. இருபத்துநாலு மணி நேரமும் வாசலில் காவலர் இருந்து, வரும் விருந்தாளியின் அடையாள அட்டையைப் பதிவு செய்யும் கட்டடமாகப் பாருங்கள். கொலம்பியாவில் இப்படிப்பட்ட குடியிருப்புகள் நிறைய உண்டு. திருட வருபவர் தன் அட்டையைக் காட்டி உள்ளே வர விரும்பமாட்டார். சில வீடுகளை "விருந்தாளி பதிவு தேவையில்லை" என்றே விளம்பரம் செய்கிறார்கள். தனியாக இருப்பவர் அந்த வரியைப் பார்த்ததும் அடுத்த வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

முதல் சில சந்திப்புகள் பகலில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் மட்டும். வங்கிச் செயலி உள்ள போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். கோப்பையைக் கண்பார்வையிலிருந்து விடாதீர்கள். எங்கே, யாரோடு என்று ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். தெருவில் கைகாட்டி டாக்சி ஏறாமல் செயலியில் அழையுங்கள். அவசர எண் 123.

மலைச்சாரல்

நெடுவழி அக்கா, ஒவ்வொரு விஷயமும் சரிதான். ஆனால் படிக்கும்போது அந்த ஊர்ப் பெண்கள் எல்லோரும் கொள்ளைக்காரர்கள் என்பதுபோல் ஆகிவிடுகிறது. நான் பழகியவர்கள் ஆசிரியை, செவிலியர், கல்லூரி மாணவர்கள். சந்தேகத்தோடு எதிரில் உட்கார்ந்தால் யாரோடும் மனம் விட்டுப் பேச முடியாது.

நெடுவழி

தம்பி, எதிரில் உட்காரும் அந்த ஆசிரியையையே கேட்டுப் பாருங்கள். அவரும் தோழியிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருப்பார், பகல் வேளையைத்தான் தேர்ந்திருப்பார். முன்பின் தெரியாத ஆணைச் சந்திக்கும் பெண்ணுக்கு இந்த முன்ஜாக்கிரதை பழகிப்போனது. உங்கள் பங்குக்கு நீங்களும் அதையே செய்தால் அவருக்கும் நிம்மதி. முதல் உரையாடலிலேயே வீட்டுக்கு வருகிறேன் என்று அவசரப்படுபவரிடம்தான் எச்சரிக்கை வேண்டும். என் வீட்டுக்கு வா என்று நீங்கள் அவசரப்பட்டாலும் அவர் அப்படித்தான் நினைப்பார்.

வடதிசை

அக்கா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் என் வாதம் அதோடு சேர்த்தே நிற்கிறது. செயலியை நம்பித்தான் ஆட்களைச் சந்திக்க வேண்டும் என்ற நிலை எந்த நகரத்தில் அதிகம்? வந்தவர்கள் வந்தவர்களோடே சுற்றும் நகரத்தில். வகுப்பிலும் சைக்கிள் குழுவிலும் திரும்பத் திரும்பப் பார்க்கும் முகம் என்றால், இரண்டாம் வாரத்தில் பெயர் தெரியும், நான்காம் வாரத்தில் வேலையும் குடும்பமும் தெரியும். பொகோட்டாவில் அது நடக்கும்.

மலைச்சாரல்

அது மெடெயினிலும் நடக்கும், பொப்லாதோவை விட்டு வெளியே வந்தால். லாவுரெலெஸ் பகுதியைப் பாருங்கள். மேடு பள்ளம் இல்லாத மரநிழல் தெருக்கள், நடந்தே போகலாம், எஸ்தாதியோ மெட்ரோ நிலையம் பக்கம். வெளிநாட்டவர் இருக்கிறார்கள், ஆனால் குடும்பங்கள்தான் அதிகம். ஈஃபித் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டவருக்கு ஸ்பானிஷ் சொல்லித்தருகிறார்கள். வார இறுதியில் போக, நீர்த்தேக்கக் கரையிலுள்ள குவாத்தாப்பே என்ற சிற்றூர் இரண்டு மணி நேரம்.

கிழக்குக்காற்று

எல்லோருக்கும் நன்றி. பொகோட்டாவின் உயரம் பற்றி ஒரு சந்தேகம். 2,640 மீட்டர் என்கிறார்கள், உடம்புக்கு எப்படி?

வடதிசை

முதல் சில நாள் படி ஏறினால் மூச்சு வாங்கும், தூக்கம் சரியாக வராது. மதுவையும் கடும் உடற்பயிற்சியையும் அந்த நாட்களில் தவிர்த்துவிடுங்கள். பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும். இதய, நுரையீரல் தொந்தரவு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம்.

கிழக்குக்காற்று

முடிவு செய்துவிட்டேன். மெடெயின், ஆனால் லாவுரெலெஸ். வாசலில் காவலர் உள்ள கட்டடம். குளிரில் நான் வெளியே போகவே மாட்டேன் என்பது எனக்குத் தெரியும், அதனால்தான். வந்ததும் வகுப்பில் சேர்வேன், முதல் மாதம் செயலியைத் திறப்பதில்லை என்றும் வைத்திருக்கிறேன்.

வடதிசை

என் ஓட்டு இன்னும் பொகோட்டாவுக்குத்தான். ஆனாலும் ஒரு வேண்டுகோள். மூன்று மாதத்துக்கும் சேர்த்து வாடகை கட்டிவிடாதீர்கள். முதல் மாதத்துக்கு மட்டும் எடுங்கள். தெருவும் சத்தமும் பிடித்தால் நீட்டிக்கலாம், இல்லையென்றால் ஒரு மணி நேர விமானத்தில் பொகோட்டா.

நெடுவழி

நாட்களையும் எண்ணிக்கொள்ளுங்கள். சுற்றுலாவுக்கு வருபவருக்கு விமான நிலையத்தில் பொதுவாக 90 நாள்தான் தருவார்கள். மூன்று மாதம் என்பது பெரும்பாலும் 91, 92 நாளாகிவிடும். ஒரு நாள் மிஞ்சினாலும் அபராதம் விழலாம். குடிவரவுத் துறையான மிக்ராசியோன் கொலம்பியாவின் இணையதளத்தில் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம், ஒரு காலண்டர் ஆண்டில் மொத்தம் 180 நாள் வரை. கடைசி வாரம்வரை காத்திருக்க வேண்டாம்.