நவம்பர் 1 தடை: சமூக ஊடகத்தை மூடும் சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

ரோஸ்ஹில்_குமரன்:
வணக்கம். 2024 நவம்பர் 1 அன்று இங்கே மொரிஷியஸில் ஃபேஸ்புக் திறக்காதபோது டேட்டா தீர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். தேர்தல் முடியும்வரை சமூக ஊடகத்தை நிறுத்தச் சொல்லி தகவல் தொடர்பு ஆணையம் இணைய நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டிருந்தது அப்புறம்தான் தெரிந்தது. அரசியல்வாதிகள், போலீஸ் அதிகாரிகள், பத்திரிகைக்காரர்கள் போனில் பேசியதெல்லாம் ஒலிப்பதிவாக வெளியே கசிந்துகொண்டிருந்த நேரம் அது. எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே தடையை எடுத்துவிட்டார்கள். 10ஆம் தேதி தேர்தலில் மொத்தம் 62 இடத்தில் 60 எதிர்க்கட்சிக் கூட்டணிக்குப் போனது. அப்படியானால் இணையத்தால் பலம் கூடியது நமக்கா, அரசுக்கா?

மாலா:
தம்பி, கசிந்ததை வைத்து நமக்குப் பலம் என்று சொல்லிவிடாதீர்கள். அத்தனை பேர் பேச்சையும் பதிவு செய்ய யாரால் முடிந்தது என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. 2021 ஏப்ரலில் இதே ஆணையம் ஒரு யோசனையை முன்வைத்தது: சமூக ஊடகப் போக்குவரத்து முழுவதையும் தங்கள் சர்வர் வழியாகத் திருப்பி, பூட்டிய செய்திகளைத் திறந்து பார்ப்பது. உள்ளூரிலும் வெளிநாட்டிலும் பலத்த எதிர்ப்பு வந்தது. ஆனால் அப்படி ஒன்றைக் கேட்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றியதே, அதை நான் மறக்கவில்லை.

பழைய_குமாஸ்தா:
நான் அரசு கவுன்டரில் பல வருடம் உட்கார்ந்தவன். அப்போது ஒருவருடைய கோப்பைப் பார்க்க வேண்டுமென்றால் அலமாரிச் சாவிக்காரரிடம் போய், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, காரணம் சொல்லி வாங்க வேண்டும், அதற்குள் நாலு பேருக்குத் தெரிந்துவிடும். கணினி வந்தபின் ஜனங்களின் வரிசை குறைந்தது, அது பெரிய நன்மைதான், ஆனால் யார் யாரைத் தேடிப் பார்க்கிறார் என்பது பக்கத்து நாற்காலிக்குக்கூடத் தெரியாது. 2013இல் புது அடையாள அட்டைக்கு எல்லாரிடமும் கைரேகை எடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? 2015இல் உச்ச நீதிமன்றம் ரேகை எடுப்பது செல்லும், ஆனால் அதை ஒரே இடத்தில் சேமித்து வைத்திருப்பது அரசியலமைப்புக்கு விரோதம் என்று சொன்னது. சேமித்ததை அழித்தார்கள், ரேகை அட்டையின் சிப்பில் மட்டும் நின்றது. அதற்கும் போதிய பாதுகாப்பு உறுதி இல்லை, தனியுரிமை மீறல் என்று 2021இல் ஐ.நா. மனித உரிமைக் குழு சொன்னது. ஒரு சாதாரண மனிதர் நீதிமன்றம் ஏறியதால்தான் இத்தனையும் நடந்தது.

ரோஸ்ஹில்_குமரன்:
ஐயா, அப்படியென்றால் புது அரசிடம் நாம் என்ன கேட்கலாம்?

பழைய_குமாஸ்தா:
அந்தப் பழைய கையெழுத்துப் பதிவேட்டைக் கேளுங்கள். எஸ்டோனியாவில் தன் விவரத்தை எந்த அலுவலகம் எப்போது திறந்து பார்த்தது என்று குடிமக்களே இணையத்தில் பார்த்துக்கொள்கிறார்கள். அப்புறம், நீதிபதி உத்தரவு இல்லாமல் எந்த ஆணையமும் இணையத்தை மூடக்கூடாது. இந்த இரண்டும் சட்டத்தில் எழுத்தாக இருக்க வேண்டும்.

மாலா:
இரண்டாவதை முதலில் கேளுங்கள். ஆட்சி மாறினாலும் சாவி அதே இடத்தில்தான் தொங்குகிறது.

ரோஸ்ஹில்_குமரன்:
சரி, இந்த வாரமே எங்கள் தொகுதி உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதுகிறேன். என் பிரெஞ்சைத் திருத்தித் தர யாராவது முன்வருவீர்களா?