வாக்குத்தத்த வசனம் பற்றி ஒரு கேள்வி, உதவுங்கள்

ஸ்தோத்திரம். தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். ஜூன் 14-ல் மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் விசைப்படகில் போன என் தம்பியை எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படையினர் பிடித்துப் போனார்கள், இன்னும் அக்கரைச் சிறையில்தான் இருக்கிறான், காவலை நீட்டிக்கொண்டே போகிறார்கள். வக்கீல், மனு எல்லாம் ஒரு பக்கம் நடக்கிறது, நான் கேட்க வந்தது அதை அல்ல.

அவன் மனைவிக்கு வருடப் பிறப்பு ஆராதனையில் கிடைத்த வாக்குத்தத்த அட்டை (அந்த வருடத்துக்குக் கடவுள் தரும் வாக்காக எடுத்துக்கொள்ளும் வேத வசனம் எழுதியது) ஏசாயா 43:2, தண்ணீர்களைக் கடக்கும்போது உன்னோடு இருப்பேன் என்கிற வசனம். அரிசி டப்பா மூடியில் ஒட்டி வைத்திருக்கிறாள். "மதினி, இது அந்தக் காலத்து இஸ்ரவேலுக்குச் சொன்னதுதானே, எனக்கும்தான்னு எப்படி நம்புறது?" என்கிறாள். நியாயமான கேள்வி.

ரோமர் 4 வாசித்தோம். ஆபிரகாம் 75 வயதில் புறப்பட்டு 100 வயதில்தான் வாக்குப்பண்ணப்பட்ட மகன் ஈசாக்கைப் பார்த்தான் என்றேன், அவன் வாசலில் வட்டிக்காரன் வந்து நிற்கவில்லையே என்றாள். யோபு புத்தகத்தைப் பாதியில் மூடிவிட்டோம். போதகர் நீதிமொழிகள் 3:5 சொல்லி, சுயபுத்தியில் சாயாதே என்று ஜெபித்துவிட்டுப் போனார். உனக்கு விசுவாசம் பத்தாது என்று சொல்லிப் போன பெரியவர்களை இனி வீட்டுக்குள் விடுவதாக இல்லை, அது வேறு கதை.

மிச்சம் இருப்பது எபிரெயர் 11:13. வாக்குத்தத்தம் பண்ணப்பட்டவை கைக்கு வராமலே விசுவாசத்தோடு மரித்தவர்களைப் பற்றியது. அவளுக்கு அது ஆறுதலாக இருக்குமா, இன்னொரு அடியாக விழுமா, எனக்குப் பிடிபடவில்லை.

இப்படிக் காத்திருந்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், அந்த வசனத்தை இப்போதே அவளோடு உட்கார்ந்து வாசிக்கலாமா?